இடது கைக்கு வசப்படாத குச்சிகள்

வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் கெடு. அதற்குள் இவர் வாயால் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று வியாழன் மதியம். என் புருஷன் இசாமு ஒன்பது நாளாக ஒரு பருக்கையைத் தொடவில்லை. ஊசி வழியாக ஏறுகிற தண்ணீரில்தான் உயிர் ஓடுகிறது. மூக்கு வழியாக விட்ட டியூபை இரண்டு தடவை பிடுங்கி எறிந்துவிட்டார். "வயித்துல வச்சாலும் புடுங்குவேன்" என்று என்னிடம் சொல்லியும்விட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

விழுங்க முடியாமல் இல்லை. சோதித்துப் பார்த்துவிட்டார்கள், தொண்டை நன்றாகத்தான் இருக்கிறதாம். பக்கவாதம் வலது பக்கத்தை அடித்துப் போட்டுவிட்டது. கை போர்வை மேல் செத்த மீன் மாதிரி கிடக்கிறது. நாக்கு குழறும், ஆனால் காது கொடுத்துக் கேட்டால் புரியும். சாப்பிடாததற்கு ஒரே காரணம் வீம்பு. வெறும் வீம்பு! ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

ஜப்பானில் கானாசாவா ஊர் மீன் சந்தைக்குப் பின்னால் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டுக்கடை எங்களுடையது. முப்பத்துநாலு வருஷம் அவர் சமைத்தார், நான் பரிமாறினேன். கத்தி அடுக்களையோடு நின்றுவிட வேண்டும் என்பார். பசியோடு வந்தவன் முன்னால் வெட்டுகிற பொருளை வைப்பது அவனைச் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரியாம். வெட்டுவது, நறுக்குவது, முள் எடுப்பது எல்லாம் சமைக்கிறவன் பாடு. சாப்பிடுகிறவனுக்குக் கவ்வி எடுக்க இரண்டு குச்சி போதும். அதனால் எங்கள் கடையில் எதுவும் ஒரு வாய்க்கு அடங்கும், குச்சி பட்டதும் பிரியும். "வாயைத் தட்டுக்குக் கொண்டுபோறது மிருகம்யா. தட்டுல இருந்து வாய்க்கு எடுத்துட்டு வர்றவன்தான் மனுஷன்" என்று தள்ளாடிக்கொண்டு வருகிற குடிகாரனுக்குக்கூட வகுப்பெடுப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இப்போது அந்தப் பேச்சே அவர் உயிரை வாங்கப் பார்க்கிறது.

திங்கட்கிழமை அவருடைய குச்சிகளை வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். கறுப்பு அரக்கு பூசியவை, என்னுடையதைவிட நீளம். கல்யாணமான நாளிலிருந்து தினம் கழுவி வைத்திருக்கிறேன். அவற்றால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. யாரும் சாப்பிட மாட்டார்கள், அது அவருடையது. இடது கையில் கொடுத்தேன். விரல்களுக்குள் இரண்டும் பின்னிக்கொண்டு நழுவின. மறுபடி கொடுத்தேன். மறுபடி நழுவின. மூன்றாவது தடவை கட்டிலுக்கு அந்தப் பக்கம் வீசியடித்தார். அதற்குப் பிறகு கையில் வாங்கவே இல்லை.

இன்று நர்ஸிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, சோற்றைக் குழைய வேகவைத்து, சேப்பங்கிழங்கும் செய்து கொண்டுவந்தேன். கட்டிலைச் சாய்த்து உட்காரவைத்து, பலகையை இழுத்துப் போட்டுக் கிண்ணங்களை அடுக்கினேன்.

"ஒரே ஒரு வாய்ங்க. உங்க பக்குவம் எனக்கு வராதுதான். திட்டிக்கிட்டே சாப்பிடுங்க."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்பூன் இல்லைங்க. உங்க குச்சியாலதான் எடுத்துத் தர்றேன். வாயைத் திறங்க."

"வேண்...டாம்."

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிற மிகாமி தபால்காரராக இருந்தவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, என் பொண்டாட்டி இப்படி ஊட்டிவிட்டா கிண்ணத்தையும் சேத்து முழுங்கிடுவேன். அவ எங்கே, வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிடுறா" என்றார். இவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் குச்சியால் கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவர் உடம்பு வலது பக்கமாகச் சரிந்தது. அந்தப் பக்கத்தில் தாங்கிக்கொள்ளக் கை இல்லையே! தலை கட்டில் கம்பியில் இடிக்கப் போகிறது. கையில் இருந்ததை எங்கேயோ குத்திவிட்டு இரண்டு கையாலும் அவரை அணைத்துப் பிடித்தேன். மூச்சிரைக்க நிமிர்த்தி, தலையணையை முட்டுக்கொடுத்தேன்.

"ஐயையோ" என்றார் மிகாமி.

திரும்பிப் பார்த்தேன். குவித்து வைத்த சோற்றின் நடுவில் அந்தக் கறுப்புக் குச்சிகள் இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. செத்தவர் தலைமாட்டில்தான் நாங்கள் அப்படி வைப்போம். எங்கள் வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளை செய்தாலும் அறை விழும். அறுபது வயதில் நான் செய்திருக்கிறேன், உயிரோடு இருக்கிற புருஷன் முன்னால். அவர் கண் அதிலேயே குத்திட்டு நின்றது.

பதறிக்கொண்டு கையை நீட்டினேன். குச்சியைத் தொடப் போன கை பாதியில் நின்றது. ஒன்பது நாள் அடக்கி வைத்தது எல்லாம் கொட்டிவிட்டது.

"என்ன பாக்கறீங்க? ஆமா, நட்டுட்டேன். தெரியாமத்தான் நட்டேன். ஆனா எடுக்க மாட்டேன்!"

"அம்மா, முதல்ல அதை எடுங்கம்மா, அபசகுனம்" என்றார் மிகாமி.

"நீங்க சும்மா இருங்க!" என்று அவர் மேல் பாய்ந்துவிட்டு இவரிடம் திரும்பினேன். "இப்படியே பட்டினி கிடங்க. அடுத்த வாரம் இதைத்தான் தலைமாட்டுல வைக்கப் போறேன். இப்பவே நல்லா பாத்துக்குங்க. சோறு குழைஞ்சு போச்சு, குச்சி கோணலா நிக்குதுன்னு குத்தம் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. நான் ஒருத்தி மட்டும் அந்தக் கடையில உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன்? யோசிச்சுப் பாத்தீங்களா, பாவி மனுஷா?"

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பலகையில் ஏதோ உரசுகிற சத்தம். துணியை விலக்கினேன். அவருடைய இடது கை சோற்றுக் கிண்ணத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு குச்சியைப் பிடுங்கியது. இன்னொன்று சாய்ந்து கீழே உருண்டது. அதைத் தேடவில்லை. ஒற்றைக் குச்சியை முஷ்டிக்குள் பிடித்து, கிழங்கைக் குத்தினார்.

குத்தி எடுப்பது! அதைச் செய்தான் என்பதற்காக என் தம்பியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அனுப்பியவர் இவர். அவன் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. கிழங்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி குத்தினார். மூன்றாவது குத்தில் மாட்டியது. குழம்பு மார்பில் சொட்டச் சொட்ட, ஆடி ஆடி, கிழங்கு வாய்க்கு மேலே வந்தது. அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார்.

"திரும்...பு."

"என்னங்க?"

"பாக்...காத. அந்தப் பக்கம் திரும்பு."

எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை ஆயிரம் வேளை சாப்பிட்டிருக்கிறோம்! ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. மிகாமி தன் கட்டில் திரையை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டார்.

பின்னால் மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு குச்சி கிண்ணத்தில் முட்டுகிற சத்தம். ஒரு கிழங்கு பொத்தென்று தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கத் தானாகத் துடித்த என் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். மறுபடி முட்டுகிற சத்தம், மறுபடி மெல்லுகிற சத்தம், நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். முப்பத்துநாலு வருஷத்தில் இவர் அழுது நான் கேட்டதில்லை. நான் திரும்பவில்லை.