பூட்ஸுக்கு வைத்த கால்

செயற்கைக்கால் பட்டறையில் அக்கா இதுவரை செய்ததிலேயே அழகான கால், தன் தம்பிக்குச் செய்ததுதான். குன்றைப் பிடித்த சண்டையில் அவன் காலை இழந்திருந்தான். வெற்றி அணிவகுப்பில் அவன் முன்வரிசையில் நடக்க வேண்டுமென்று படையிலிருந்து சொல்லியனுப்பியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊன்றுகோலோடு ஜன்னலோரமே கிடந்தவனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருந்தாள்.

"என்னக்கா இவ்வளவு பாலிஷ்? பொண்ணு பாக்கவா போறேன்?"

"வாயடிக்காம நடடா!"

ரப்பர் செருப்போடு நடைப்பயிற்சிக் கம்பிகளைப் பிடித்து இரண்டடி வைத்தான். உடம்பு பின்னுக்குத் தள்ளியது. முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டான்.

"மேடு ஏறுற மாதிரி இருக்குக்கா. அதே குன்று."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்தக் காலுக்குக் கணுக்கால் மடங்காது. போடப்போகும் செருப்பின் குதிகால் உயரத்துக்கேற்பத்தான் பாதத்தைப் பொருத்த வேண்டும். 'என்ன செருப்பு போடுவீங்க?' என்று எல்லோரிடமும் கேட்பவள், தம்பியிடம் மட்டும் கேட்காமல், குதிகால் உயர்ந்த அணிவகுப்பு பூட்ஸுக்கு வைத்துவிட்டாள்.

"பூட்ஸ் இங்கதான் இருக்கு. மாட்டினா சரியாயிடும்."

"மாட்ட மாட்டேன்."

"ஜெயிச்சிருக்கீங்கடா!"

"குன்றுல கொடி இருக்கு. கூட ஏறின என் கூட்டாளி குண்டன் உயிரோட இல்ல. நான் ஜோரா நடந்தா, எல்லாம் சரியாப் போச்சுன்னு கைதட்டிட்டு வீட்டுக்குப் போவாங்க."

"அப்ப தோத்திருக்கலாம்ங்கிறியா?"

"தெரியலக்கா. ஆனா குண்டனோட அம்மா முகத்தைப் பாத்து, அந்தக் குன்று வேணும்தான்னு சொல்ல எனக்கு வாய் வராது."

அக்கா பூட்ஸை ஓரமாக நகர்த்தி வைத்தாள். குன்றைப் பிடித்த செய்தி கேட்டுத் தெருவில் குதித்தவர்களில் அவளும் ஒருத்தி. அன்று யார் திரும்பி வரவில்லை என்று அவள் கேட்கவில்லை.

"சரி, பூட்ஸ் வேணாமா, காலே வேணாமா?"

அவன் புதுக்காலைத் தடவிப் பார்த்தான். "அந்தம்மா வீடு மூணாவது மாடி. ஊன்றுகோலோட போனா என்னைத் தாங்க அவங்க ஓடி வருவாங்க. இப்ப நான்தானேக்கா அவங்களைத் தாங்கணும்?"

அக்கா திருகுசாவியை எடுத்துக் கணுக்கால் திருகைத் தளர்த்தி, பாதத்தைச் செருப்புக்குத் தக்கபடி சாய்த்து இறுக்கினாள். அதற்குள் தொலைபேசி அடித்தது. படை அதிகாரி.

"தம்பி அணிவகுப்புக்கு வரமாட்டான் சார். கால் நல்லாத்தான் இருக்கு. அவனுக்கு வேற இடத்துக்குப் போகணும்."

திரும்பிப் பார்த்தால், கம்பியை விட்டுவிட்டு வாசலருகே நின்றிருந்தான்.

"இப்பவேவா? மெதுவாடா!"

"மெதுவாப் போனா அந்தம்மா வேலைக்குக் கிளம்பிடுவாங்க. நீயும் வாக்கா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.