கொள்ளு காஞ்ச ரோட்டுல எழுபத்தெட்டு

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பெட்டியத் தூக்கிக் கண்மாயில எறிஞ்சிருப்பேன். என் லைசென்சு மட்டும் சப்-இன்ஸ்பெக்டர் தாவீதுராஜ் சார் சட்டைப் பையில இல்லாம இருந்திருந்தா!

தொண்ணூத்தேழு மாசி மாசம். திருச்சுழியில இருந்து அருப்புக்கோட்டைக்குப் பஞ்சு லோடு ஏத்திட்டு வாரேன். பேரு இருளப்பசாமி, பதினோரு வருசமா லாரிதான் பொழப்பு. மறு திங்கக்கிழமை கவர்மெண்டு பஸ்ஸு டிரைவர் வேலைக்கு மதுரையில இன்டர்வியூ. கேஸு விழுந்த லைசென்ச நீட்டுனா அந்தாக்குல திருப்பி அனுப்பிருவாக. எனக்கோ வயசு ஏறிக்கிட்டே போகுது, அடுத்த தடவை கூப்பிடவே மாட்டாக.

ரோட்டுல பாதிய அடைச்சு கொள்ளுச் செடியப் பரப்பிப் போட்டிருந்துச்சு. வண்டிச் சக்கரம் ஏறுனா நெத்து வெடிச்சு மணி உதிரும், எங்க பக்கம் அதுதான் களம். அதுமேல வேகமா ஏறுனா வண்டி வழுக்கிரும். நான் இருபதுல உருண்டு வாரேன், போலீஸ்காரவுக மறிச்சுட்டாக.

"எழுபத்தெட்டுல வாரியேய்யா, உசிரு மேல ஆசையில்லையா?" லைசென்ச வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, வேகம் அளக்கப் புதுசா வந்த ரேடார் பெட்டியத் திருப்பிக் காட்டுறாரு தாவீதுராஜ் சார்.

"நல்லா இருக்கே சார் கதை! இந்தக் கொள்ளு மேல எழுபத்தெட்டுல வந்தா நான் இந்நேரம் பள்ளத்துலல்ல கெடப்பேன்!"

"மிஷினு பொய் சொல்லுமாய்யா?"

ரோட்டோரம் டிராக்டர்ல பெல்ட்டு மாட்டி ஆளுயரக் காத்தாடிய ஓடவிட்டு, கொள்ளு தூத்திக்கிட்டிருந்த சோலையம்மாள் முறத்தோட வந்துட்டாக.

"அய்யா, அந்த வேகத்துல வந்திருந்தா என் கொள்ளு நாலாபக்கமும் செதறிருக்கும். இந்தத் தம்பி மாட்டு வண்டி மாதிரில்ல வந்துச்சு!"

சாருக்கு யோசனை வந்துருச்சு. "சரி, பின்னால எடுத்துட்டுப் போயி இன்னொருக்க வா" ன்னாரு. பத்துல வந்தேன். பெட்டியில அதே எழுபத்தெட்டு. எனக்கு அழுகையே வந்துருச்சு. வண்டிய நிப்பாட்டி, சாவியப் பிடுங்கி அவர் கையில குடுத்தேன். "இப்பப் பாருங்க சார்!"

நிக்கிற லாரி. எழுபத்தெட்டு.

தூசியெல்லாம் சார் சட்டை மேல பறக்குதுன்னு சோலையம்மாள் பதறிப்போயி டிராக்டர அமத்துனாக. காத்தாடி சுத்தி ஓஞ்சுச்சு. பெட்டியில நம்பரு அறுபது, நாப்பது, பத்துன்னு எறங்கி முட்டைக்கு வந்துருச்சு.

"அடப் பாவிகளா, காத்தாடிக்கா கேஸு போட்டீக!" சோலையம்மாள் முறத்தால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாக. எனக்குச் சிரிப்பு வரல. அவர் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன், பெரிய அதிகாரிக்குப் பயந்து மூடி மறைச்சுட்டா நான் எங்க போயி முட்டிக்கிறது?

மனுசன் கேஸு நோட்டைப் பிரிச்சாரு. காலையில இருந்து ஒன்பது லாரிக்காரவுக, கடைசியா நான். பத்தையும் குறுக்கே அடிச்சு, காத்தாடி விசயத்த எழுதி, அடியில கையெழுத்தும் போட்டாரு.

"மேல இருக்கவுக ஏசுவாகளே சார்?" ன்னு கேட்டேன்.

"ஏசட்டும்." லைசென்சையும் சாவியையும் என் கையில வச்சாரு. "நீ மெதுவா வந்ததை நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்யா. பாத்துக்கிட்டேதான் எழுதுனேன்."

அதுக்கு மேல அவர் மேல எனக்குக் கோவம் நிக்கல. "மத்த ஒன்பது பேரும் டவுனு லாரி செட்டுலதான் இருப்பாக, ஏறுங்க சார், கேஸு இல்லேன்னு சொல்லிட்டு வந்துருவோம்" ன்னேன். தொப்பியக் கழட்டிட்டு முன் சீட்டுல ஏறி உக்காந்தாரு.