பாலத்துக்கு அந்தப் பக்கம்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணிக்கு ரோலண்ட் ஹேகன் தலைவர். டேரல் பிங்க்மன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு பிடித்தவர். இன்று டேரல் மக்கள் ஓட்டில் ஜெயித்த மாநில ஆளுநர், ரோலண்ட் துணை ஆளுநர். இதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ரோலண்ட் வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்தார்.

எல்லாம் பத்தொன்பது ஓட்டில் வந்த வினை. முப்பது வருஷத்துக்கு முன்னால், சட்டமன்றத் தொகுதிக்குக் கட்சி வேட்பாளர் யார் என்று நடந்த தேர்தலில் இருவரும் மோதினார்கள். மேடைப் பேச்சு, நல்ல கோட்டு, தேவாலயத்தில் நல்ல பெயர் எல்லாம் ரோலண்டுக்கு இருந்தது. டேரல் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். அங்கிருந்து செனட், செனட்டிலிருந்து ஆளுநர் நாற்காலி. "வெறும் அதிர்ஷ்டம்," என்பார் ரோலண்ட், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். பழைய நண்பனாயிற்றே என்று டேரல் தன்னோடு துணை ஆளுநராக நிற்கக் கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார். வயிறு மட்டும் எரிந்தது.

இப்போது கிராமத்து ஆம்புலன்ஸ் சட்டம் வந்தது. ஒன்பது வருஷம் ஊர் ஊராக அலைந்து, பஞ்சாயத்துக் கூடங்களில் ஆறிப்போன காபி குடித்து, ரோலண்ட் எழுதிய சட்டம் அது. வரும் திங்கட்கிழமை தலைமைச் செயலகப் படிக்கட்டில், பேண்டு வாத்தியம் முழங்க, டேரல் கையெழுத்திடப் போகிறார். ஒரே கையெழுத்துக்கு இருபது பேனா; ஒவ்வொன்றாலும் ஒரு கீறல் கீறி, அந்தப் பேனாக்களை உழைத்தவர்களுக்கு ஞாபகமாகக் கொடுப்பது வழக்கம். பிள்ளை பெற்றவன் ஓரமாக நிற்க, பெயர் வைக்க வேறொருவன் வருவதா என்று ரோலண்ட் பொருமினார்.

அந்த மாநிலத்தில் ஒரு விதி உண்டு. ஆளுநர் மாநில எல்லையைத் தாண்டினால், திரும்பி வரும்வரை துணை ஆளுநரே ஆளுநர். டேரலோ மீன் பிடிக்கக்கூட எல்லை தாண்டாத மனிதர். ஆனால் சனிக்கிழமை அவருடைய அண்ணன் மகளுக்கு, எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பண்ணையில் கல்யாணம்.

சனிக்கிழமை மதியம் ரோலண்ட் ஆளுநரின் அறையில் போய் உட்கார்ந்தார். ஆளுநரின் காவலருக்குப் போன் போட்டார்.

"பாலம் தாண்டிட்டீங்களாப்பா?"

"இப்பத்தான் சார் தாண்டினோம்."

அலுவலகச் செயலாளர் மாவிஸை அழைத்துச் சட்ட நகலைக் கேட்டார்.

"திங்கக்கிழமைக்கு பேண்டெல்லாம் சொல்லியிருக்கே சார்," என்றாள் மாவிஸ்.

"வந்து வாசிச்சிட்டுப் போகட்டும்."

ஒரே பேனாவில், முழுப் பெயரையும் இழுத்து எழுதினார். பத்திரிகைக்காரர் ஒருவரை வரவழைத்து, பேனாவை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்த நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். சுகமாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் டேரலிடமிருந்து போன் வந்தது. பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

"என்ன ரோலி, கையெழுத்துப் போட்டுட்டியாமே?"

"நீ எல்லையைத் தாண்டிட்ட. சட்டப்படி நான்தான் ஆளுநர்."

"பாலத்தைத்தான்டா தாண்டினேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளத்துல ஆறு தடம் மாறிடுச்சு. எல்லைக்கோடு பழைய இடத்துலயேதான் கிடக்கு. அக்கரையில இந்த வளைவு மட்டும் இன்னும் நம்ம மாநிலம். நம்ம பழைய தொகுதி வேற. உனக்கு நிஜமாவே தெரியாதா?"

போன் பேச்சு காதில் விழுந்ததும் மாவிஸ் சுவரிலிருந்த வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். கோடு ஆற்றைத் தாண்டிப் போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"அங்க யாருடா இருக்கா? மாடு மேயற இடம்," என்றார் ரோலண்ட்.

"இருபத்திரண்டு வீடு இருக்கு. முதல் தேர்தல்ல ஒரு வீடு விடாம கதவைத் தட்டினேன். ரோலண்ட் வரலியான்னு நானேதான் கேட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்லன்னு சொல்லி எனக்குக் கேக் வெட்டிக் குடுத்தாங்க."

"அங்க எத்தனை ஓட்டு உனக்கு?"

"முப்பத்தொண்ணு."

"எனக்கு?"

டேரல் கொஞ்சம் தயங்கினார். "அதை விடு ரோலி. உன் கையெழுத்தை அடிச்சிட்டுப் பக்கத்துல நான் போட்டுக்கறேன். திங்கக்கிழமை நேரத்தோட வா. முதல் பேனா உனக்குன்னு, இந்தச் சட்டம் வந்த அன்னைக்கே எடுத்து வெச்சிட்டேன்."

அதிர்ஷ்டம் என்று சொல்ல ரோலண்ட் வாயெடுத்தார். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, வரவில்லை.

"அந்த வீட்டுக்காரங்க இன்னும் இருக்காங்களா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"பாதிப் பேர் இந்தக் கல்யாணத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. போனைக் குடுக்கட்டுமா?"

ரோலண்ட் போனை வைத்துவிட்டு, அந்த நாற்காலியிலிருந்து எழுந்தார்.