நீலமும் மஞ்சளுமாய் ஒரு நிமிர்ந்த பிடி

"குன்வோர், இந்த வருஷம் நீ டிராக்டர் ஓட்டேன். விழுந்த மானைக் காட்டுலேர்ந்து இழுத்துட்டு வர ஆள் வேணும்ல."

சொன்னவர் என் கணவர் எம்ப்ரெட். எங்கள் ஊர் வேட்டைக்குழுவின் தலைவர். சொல்லிவிட்டு வாஃபிளை எடுப்பதுபோல் என் மேசைப்பக்கம் திரும்பிக்கொண்டார். துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் சுடுதளத்தில் காப்பி மேசை என்னுடையது. அங்கே யார் என்ன பேசினாலும் என் காதில் விழாமல் போகாது.

"டிராக்டரா?" என்றாள் என் சிநேகிதி குன்வோர். "சதுப்பு மேட்டுல, என் இடத்துல, யாரு உக்காருவா?"

"டாக்ஃபின் உக்காரட்டும். சின்னவன், கண்ணு நல்லாருக்கு."

டாக்ஃபின் என் கொழுந்தன் மகன். நாற்பது வயதுச் சின்னவன். அவன் காப்பிக்குள் எதையோ தேடினான்.

"என் கண்ணுக்கு என்ன கேடு?"

"கண்ணச் சொல்லல குன்வோர். அட்டையப் பாரு. ரெண்டு தடவ தேர்வு எழுந்து சுட்டுட்ட. ரெண்டு தடவயும் குண்டு வட்டத்துக்கு வெளிய போயிருக்கு. நாளைக்கு நீ ஒரு மானக் காயப்படுத்தி அனுப்பிட்டா, நாயக் கூட்டிக்கிட்டு நாங்கதான் காடெல்லாம் அலையணும். அந்த மான் படுற பாடு என் தலையில."

இதில் தவறு சொல்ல முடியாது. மூஸ் எனும் பெரிய காட்டுமான் வேட்டைக்குப் போகிற எல்லோரும் ஆண்டுதோறும் தேர்வு கொடுக்க வேண்டும். நூறு மீட்டர் தள்ளி மான் உருவம் போட்ட அட்டை, நெஞ்சிருக்கும் இடத்தில் ஒரு வட்டம், ஐந்து குண்டு. ஐந்தும் உள்ளே இருந்தாக வேண்டும். குன்வோரின் அட்டையில் மூன்று உள்ளே, இரண்டு இடப்பக்கம் கீழே இறங்கியிருந்தன. சதுப்பு மேட்டில் அவளைத் தாண்டி ஒரு மானும் காயத்தோடு போனதில்லை. அது எம்ப்ரெட்டுக்கும் தெரியும். ஆனால் போன குளிர்காலத்தில் கூட்டுறவுக் கடை வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து அவள் வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். அதுவும் தெரியும்.

"இன்னொரு தேர்வு நாள் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு. வேட்ட தொடங்குறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம."

"அப்ப டிராக்டர் சாவிய நீயே வெச்சிரு."

மறுநாள் காலை என் சமையலறை வாசலில் துப்பாக்கிப் பையோடு நின்றாள்.

"ஒட்னி, வண்டி எடு. ஆர்வே பட்டறைக்குப் போகணும். வளைஞ்ச சாலையில ஸ்டியரிங் சுத்துனா அப்புறம் துப்பாக்கி பிடிக்க என் கை ஆகாது."

"எம்ப்ரெட்டுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. நீ அவருக்குப் பொண்டாட்டி, டிரைவர் இல்ல."

ஆர்வே பக்கத்துப் பள்ளத்தாக்கில் துப்பாக்கிக் கட்டை செய்கிறவன். குழலும் விசையும் யாருடையதாக இருந்தாலும், அவற்றைத் தாங்கித் தோளில் உட்காரும் கட்டையை ஆளுக்கேற்ப அமைத்துத் தருவான். போனவுடன் காப்பிகூடக் கேட்காமல் தரையில் பாயை விரித்தான்.

"படு. காலி துப்பாக்கிதானே? போல்ட்டத் திறந்து காட்டு. சரி. எங்க வலிக்குது?"

"வலிக்குதுன்னு யாரு சொன்னா?"

"அப்ப எங்க வலிக்கலன்னு சொல்லு."

"இடது காது."

ஆர்வே சிரிக்கவில்லை. குனிந்து அவள் மணிக்கட்டையே பார்த்தான். "இந்தப் பழைய கட்டையோட பிடி பின்னால சரிஞ்சு போகுது. நின்னு சுட அது சொகம். படுத்துச் சுடுறப்ப விரல் விசைக்குப் போகணும்னா மணிக்கட்டு மடியணும். உன்னது மடியாது. அதனால விசையப் பின்னால இழுக்காம ஓரமாத் தள்ளுற. எங்க போகுது குண்டு? இடப்பக்கம் கீழயா?"

"ஒட்னி, நீ சொன்னியா?"

"நான் வாயே திறக்கல," என்றேன்.

மூன்று கட்டைகளைக் கொண்டுவந்து பாய்மேல் வைத்தான். முதலாவது, கட்டைவிரலை நுழைக்க ஓட்டை வைத்தது. குன்வோர் பிடித்தாள், முகம் மலர்ந்தது. பிறகு அடுத்த குண்டு போடுவதுபோல் போல்ட்டை இழுக்கக் கையெடுத்தாள். ஓட்டையிலிருந்து விரலை உருவும்போது பல்லைக் கடித்தாள்.

"ஒவ்வொரு தடவயும் இப்படிக் கழட்டணுமா? கையுறையோட? வேண்டாம்."

இரண்டாவது, போட்டிக்காரர்களுடையது. எங்கே பார்த்தாலும் திருகாணி. தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இத மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குத்தான் டிராக்டர் வேணும்."

மூன்றாவதன் பிடி நெட்டுக்குத்தாக இறங்கியது. ஆளோடு கைகுலுக்குவதுபோல் பிடித்தால் போதும், மணிக்கட்டு நேராகவே நின்றது. கட்டைவிரலைச் சுற்றிப் போட வேண்டியதில்லை, விசைவிரல் இருக்கும் பக்கமே சும்மா சாய்த்து வைக்கலாம்.

"கண்ண மூடிக்க," என்றான் ஆர்வே. "சுவத்துப் பலகையில ஒரு கணு இருக்கு பாத்தியா? அதுக்கு நேரா வசதியாப் படு. உடம்பு அடங்கட்டும். இப்ப திற."

குன்வோர் கண்ணைத் திறந்தாள். கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமல் கணுவையே பார்த்தாள்.

"என்னடி?" என்றேன்.

"கணுமேலயே இருக்கு. நான் ஒண்ணுமே பண்ணல ஒட்னி. தானா அங்க போய் நிக்குது."

"நீளம் பாக்கணும்," என்றான் ஆர்வே. "இப்ப மேல்சட்ட ஒண்ணோட இருக்க. இங்க அளந்துட்டுப் போய், வேட்ட அன்னிக்குக் கம்பளிக்கு மேல கம்பளி போட்டுக்கிட்டு, ஆர்வே நீளமா வெச்சுட்டான்னு என்னையத் திட்டாத ஆளே இந்த மாவட்டத்துல இல்ல."

"அந்தக் கூட்டத்துல நான் இல்ல," என்று வெளியே போனாள் குன்வோர். வண்டியின் பின்பக்கத்திலிருந்து கம்பளிச் சட்டை, மேலங்கி, கையுறை எல்லாவற்றையும் கொண்டுவந்து, அந்தக் கோடை வெயிலில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து வழியப் பாயில் படுத்தாள். ஆர்வே முதன்முறையாகப் பல்லைக் காட்டினான். கட்டையின் தோளில் படும் முனையில், நீளத்தைக் கூட்டிக் குறைக்க இருந்த தகடுகளில் ஒன்றைக் கழற்றினான். அளவு சரியாகிவிட்டது.

எல்லாம் முடிந்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனபோதுதான் நான் சரியாகப் பார்த்தேன்.

"ஆர்வே! இது என்ன நிறம்?"

மெல்லிய மரத்தாள்களுக்குச் சாயமேற்றி ஒட்டிச் செய்த கட்டை அது. ஒரு வரி நீலம், ஒரு வரி மஞ்சள். அப்பட்டமான ஸ்வீடன் கொடி.

"கேட்டவரு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளு," என்று தலையைச் சொறிந்தான். "அப்புறம் வேண்டாம்னுட்டாரு. பழுப்புல வேணும்னா செஞ்சு தரேன். கிறிஸ்துமஸுக்கு."

"கிறிஸ்துமஸுக்கு நான் யாரச் சுட? பாதிரியாரையா?"

"வர்ணம் பூசிடலாமே," என்றேன். எனக்கு எம்ப்ரெட்டின் முகம் கண்முன் வந்தது. குழுவே சேர்ந்து எங்களைக் கேலி செய்யப்போவதும் வந்தது. ஒரு காலத்தில் ஸ்வீடன் ராஜாவின் கீழிருந்த எங்கள் நாட்டின் தேசிய நாளான மே பதினேழு அன்று எங்கள் வீதியில் ஊர்வலம் போகும்போது இந்த இரண்டு நிறத்தையும் சேர்த்து ஒரு கைக்குட்டைகூட யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

குன்வோர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வேண்டாம்னுட்டுப் போனா, நிறம் பிடிக்கலன்னு ஊர்ல நல்ல பேரு வாங்கலாம். டிராக்டர்லயும் உக்காரலாம். பூச்சு கீச்சு ஒண்ணும் வேண்டாம் ஆர்வே. தேர்ந்தெடுத்தது நான். ஒளிச்சு வெக்க என்ன இருக்கு? குழல இதுல உக்காத்தி வையி."

அந்தக் கடைசித் தேர்வு ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில் பையைத் திறந்தாள். எல்லோரும் கட்டையைச் சுற்றிக் குனிந்தார்கள். பிறகு டாக்ஃபின் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"வாங்க ஸ்வீடன்காரியம்மா! உங்க ராஜா சௌக்கியமா?"

"சௌக்கியம். நீ குறி பாக்குறதப் பத்தித்தான் கவலப்பட்டாரு."

ஆளாளுக்குச் சிரித்தார்கள். எம்ப்ரெட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விளையாட்டா குன்வோர்? மூஸுக்கு நீலம் நல்லாத் தெரியும்."

"நான் உக்கார்றது மேட்டு மேல இருக்குற பலகக் கூண்டுக்குள்ள. என் கட்டையும் தெரியாது, உன் மூக்கும் தெரியாது."

"தேர்வுக்கு முந்தி சுட வேண்டிய முப்பது குண்டு பயிற்சி முடிச்சுட்டியா?"

"வாரம் பூரா ஒட்னிகூட வந்து முடிச்சேன். அவளக் கேளு."

எம்ப்ரெட் என்னைப் பார்த்தார். நான் வாஃபிள் மாவைக் கலக்கினேன். "முடிச்சா," என்றேன் மாவைப் பார்த்தே.

குன்வோர் படுத்தாள். முதல் குண்டு, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதும் போனது. எம்ப்ரெட் தொலைநோக்கியை இறக்கவே இல்லை. ஐந்தாவதுக்கு விரல் விசையில் இருந்தது. திடீரென்று விரலை எடுத்து, போல்ட்டைத் திறந்துவிட்டாள்.

"விட்டுட்டியா?" என்றார் எம்ப்ரெட். குரலில் கிண்டல் இல்லை. பயம்தான் இருந்தது. அவருக்கும் உள்ளூர அவள் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"முழங்கை நழுவிருச்சு. உடம்பு வேற பக்கம் பாக்குது. கையால திருப்பிச் சுட்டா அது பொய்யி." இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தினாள். கண்ணை மூடினாள், திறந்தாள், போல்ட்டை மூடினாள்.

சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

அட்டையைப் பார்க்க எம்ப்ரெட்டே நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். ஐந்து ஓட்டையும் வட்டத்தின் நடுவில், என் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில் இருந்தன. நான் மூடியும் பார்த்தேன்.

யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை. டாக்ஃபின் தொப்பியை மறுபடி கழற்றினான், இந்த முறை நெஞ்சில் வைக்கவில்லை.

"டாக்ஃபின்," என்றார் எம்ப்ரெட், அட்டையைப் பார்த்தபடியே. "நீ ஆத்தங்கரை மேட்டுக்குப் போயிடு."

"அங்க மானே வராதே சித்தப்பா... பெரியப்பா!" பதற்றத்தில் அவனுக்கு உறவே மாறிப்போனது.

"வந்தா வரட்டும். சதுப்பு குன்வோருக்கு."

அதைச் சொல்லிவிட்டு அவர் எங்களோடு சுடும் இடத்துக்குத் திரும்பி வந்தார். நீல மஞ்சள் கட்டையைக் காட்டினார். "குன்வோர். அதுல நான் ஒரு தடவ படுத்துப் பாக்கட்டுமா?"

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ."

"இது என் கைக்கு அளந்தது எம்ப்ரெட். உன் கையக் கொண்டுபோய் ஆர்வேகிட்ட காட்டு. மறக்காம மேலங்கிய எடுத்துட்டுப் போ." துப்பாக்கியைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பைப் பாதி இழுத்தவள் நிமிர்ந்தாள். "ஆங், டாக்ஃபின்! சதுப்பு மேட்டுக் கூண்டுல ஒரு மெத்தையும் ரேடியோவும் கொண்டுபோய் வெச்சிருக்கியே, அதுங்கள இன்னிக்கே எடுத்துரு."

டாக்ஃபின் காது வரைக்கும் சிவந்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாரம் பூரா பயிற்சி முடிஞ்சு நான் எங்க போனேன்னு நெனச்ச? என் இடத்தப் போய்ப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்." மீதி ஜிப்பையும் இழுத்து மூடினாள். "மெத்தைய வேணும்னா விட்டுட்டுப் போ. நல்லாத்தான் இருக்கு."