நஜீமா வீட்டு மூலைக்கு வாங்கிய மட்டம்

நஜீமாவின் வீட்டுக் கூடத்தில், தென்மேற்கு மூலை விருந்தாளி ஒருவருக்கு அரை டிகிரி வீதம் விரியும். வந்தவர்கள் எழுந்து போனதும் பழையபடி தொண்ணூறுக்கு வந்து நிற்கும். வீட்டு ஆட்களுக்கு விரிவதில்லை. நெல்லித்தோப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெருநாள் அன்று பக்கத்துச் சந்து குறுகிவிடும் என்று ஆட்டோக்காரர்கள் தாங்களாகவே சுற்றிக்கொண்டு போவார்கள். மகள் மஹீராவைப் பெண் பார்க்கப் பதினான்கு பேர் வரும்வரை யாரும் இதைப் பெரிதுபடுத்தியதில்லை. அவர்கள் உட்கார உட்கார மூலை ஏழு டிகிரி விரிந்தது. சுவரடியில் ஓடிய தேக்குச் சட்டங்கள் மூலையில் படீரென்று விட்டுக்கொண்டன. பிளக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று டீயைக்கூடத் தொடாமல் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் மூலை சுத்தமாக மூடிக்கொண்டது.

அடுத்த வருஷம் வேறொரு சம்பந்தம் கூடி வந்தது. நிக்காஹுக்கு எட்டு நாள் இருக்கும்போது தச்சு வேலை செய்யும் அஸாருதீனைக் கூப்பிட்டார் நஜீமா.

“மறுபடியும் வுட்டுக்கிச்சுன்னா எம் பொண்ணு வாழ்க்க போச்சு தம்பி.”

அஸாருதீன் நல்ல வேலைக்காரர், கொஞ்சம் வீம்புக்காரரும்கூட. புதிதாக வாங்கிய டிஜிட்டல் கோணமானியை மூலையில் வைத்தார். தொண்ணூற்றரை காட்டியது. அந்த அரை தனக்கானது என்பது அவருக்கு உறைக்க ஒரு நாள் பிடித்தது. அதைக் கழித்து, மீதிக் கோணத்தை இரண்டு சட்டத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து, முனைகளை மயிரிழை தப்பாமல் அறுத்துச் சேர்த்தார். பார்த்துவிட்டுப் போக ஆறு பெண்கள் வந்தார்கள், இணைப்பு விட்டுக்கொண்டது. மறுநாள் இருபது பேரை உட்காரவைத்து அளந்து அறுத்தார். அவர்கள் போனதும் சட்டங்கள் முட்டிக்கொண்டு உப்பின. எந்த எண்ணை நம்பினாலும் அது அரை மணி நேரத்தில் பொய்யானது. அவருக்கு அழுகை வந்தது, அதை இருமி மறைத்துக்கொண்டார்.

மேட்டுப்பாளையத்தில் கிருஷ்ணசாமியின் சாமான் கடைக்குப் போய், கோணம் பிடிக்க ஒரு மட்டம் கேட்டார்.

“எத்தினி டிகிரி வரைக்கும் காட்டணும்?” என்றார் கிருஷ்ணசாமி.

“காட்டவே வேணாம். கூடவே போனா போதும்.”

கிருஷ்ணசாமி இரண்டு மரக்கைகளை ஒரு திருகு பிடித்திருந்த மடக்கு மட்டத்தை எடுத்து வைத்தார். “இதுல நம்பரே கெடையாது. ஸ்க்ரூவ டைட் பண்ணா புடிச்ச கோணத்துல நிக்கும்.”

“பண்ணலன்னா?”

“பண்ணாம எவன் வாங்குவான்?”

அஸாருதீன் வாங்கினார். சட்டங்களை மூலைக்கு ஒரு சாண் முன்பாகவே நிறுத்தி, அந்த வெற்றிடத்தை மூடும்படி மட்டத்தையே மூலையில் பொருத்தி, திருகைத் தளர்வாக விட்டார்.

நிக்காஹ் அன்று கூடத்தில் அறுபது விருந்தாளிகள். மூலை நூற்றிருபதுக்கு விரிந்தது. மரக்கைகள் சத்தமில்லாமல் கூடவே விரிந்தன. பிரியாணிக்கு உட்காராமல் வாசற்படியில் நின்றிருந்தார் அஸாருதீன். மாப்பிள்ளையின் தாய் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“எடம் பத்தாதுன்னு பயந்துக்கினே வந்தேன். நல்ல வூடு, நவுந்து குடுக்குது” என்றார்.

அதன்பிறகு அஸாருதீன் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்துச் சரிபார்க்க வந்தவர் கோணமானியை வைத்தார். தொண்ணூற்றொன்று. மறுபடி வைத்தார், அதேதான்.

“அரை எனக்கு. இன்னொரு அரை யாருக்குன்னு தெரியலியேக்கா. கூடத்துல வேற யாரும் இல்ல.”

நஜீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாப்புள்ளைக்குப்பா. எடம் புடிச்சு வச்சிருக்கு.”

அஸாருதீன் கோணமானியை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். மட்டம் இன்னும் அந்த மூலையில்தான் இருக்கிறது. நஜீமா வெள்ளிக்கிழமைதோறும் அதன் திருகுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்.