கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி

1

இந்தக் கதை பக்கத்து மேசைக்கு உரியது. ஃபேரர் பார்க்கில் ஓர் உணவுக்கடையில் நான் தோசைக்குக் காத்திருந்தபோது, அடுத்த மேசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "வண்டிய நீ என்ன வேணா பண்ணிக்க. அந்த சீட்ல நான் இனிமே உக்கார மாட்டேன்," என்றாள். மற்றவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "உக்கார வைக்கிறேன் பாரு."

நான் கேட்டது அவ்வளவுதான். தோசை வந்துவிட்டது, அவர்கள் போய்விட்டார்கள். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது. மறுத்தவளுக்கு முஸ்கான் என்றும், சூளுரைத்தவளுக்குக் கவிப்ரியா என்றும் பெயர் வைத்தேன்.

2

முதலில் நீதிக்கதையாகத் தொடங்கினேன். வகுப்பறைப் பழக்கம் எளிதில் விடுவதில்லை.

முன்னொரு காலத்தில் ஒரு காட்டில், தன் ஓட்டின்மேல் மிகுந்த பெருமை கொண்ட ஓர் ஆமை, பாறையொன்றைப் பார்த்து—

வேண்டாம். ஆமை வாயைத் திறந்தால் முஸ்கான் வாயை மூடிக்கொள்வாள். ஆமை நல்ல ஆமைதான்; இந்தக் கதைக்கு அது ஆகாது.

மறுபடியும் தொடங்குகிறேன். கவிப்ரியாவும் முஸ்கானும் விடுமுறை கிடைத்தால் எல்லை கடந்து, பக்கத்து நாட்டிலுள்ள ஜொகூர்க் காடுகளின் கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டிச் செல்பவர்கள். ஓட்டுபவள் கவிப்ரியா. இடப்பக்க இருக்கையிலிருந்து வழி சொல்பவள் முஸ்கான். போன பயணத்தில் ஓர் ஓடைக்கரையில் வண்டி சறுக்கி, இடப்புறமாகப் பாறைமேல் சாய்ந்தது. கதவுக்குக் கீழிருந்த தகடு மடிந்தது; முஸ்கானின் கதவு இறுகிப்போயிற்று. கவிப்ரியா தன் பக்கமாக இறங்கிவிட்டாள். இன்னும் அசைந்தால் வண்டி புரளும் என்று உடன் வந்த மற்ற வண்டிக்காரர்கள் எச்சரித்ததால், அவர்கள் கயிறு கட்டி நிமிர்த்தும்வரை முஸ்கான் தனியே உள்ளே இருந்தாள். கண்ணாடிக்கு அப்பால், அவள் முழங்கை உயரத்தில், ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அதனால்தான் கவிப்ரியா ஸ்லைடர்* வாங்கினாள்.

* கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில், வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டுப் பொருத்தப்படும் தடித்த இரும்புக் குழாய். வண்டி பாறையில் சாய்ந்தால் பாரத்தை அது தாங்கும், தகடு தப்பிக்கும். (இதைப் பொருத்த வாங்கவேண்டிய அனுமதி குறித்து ஒரு பத்தி எழுதினேன். எனக்கே தூக்கம் வந்ததால் நீக்கிவிட்டேன்.)

3

புக்கிட் பாத்தோக்கில் சின்னராசு என்பவரின் வண்டிப் பட்டறை. அங்கே ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, ஸ்லைடர்களைத் தன் கையாலேயே பொருத்தினாள் கவிப்ரியா. அவள் வேலை அடுக்குமாடி வீடுகளுக்குச் சுவர் அலமாரி செய்து மாட்டுவது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால்கூடக் கழற்றி மறுபடி மாட்டுவாள். ஸ்லைடரையும் அப்படித்தான் மாட்டினாள்: வண்டியின் உடம்போடு ஒட்டி, ஒரே கோடாக.

"கம்பெனிலேயே வந்த மாரி இருக்குலா," என்றார் சின்னராசு.

"கேப் தெரியக் கூடாது அண்ணே. தெரிஞ்சா அது வேலையே இல்ல."

முஸ்கான் வந்தாள். பையில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீரை உறிஞ்சிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள்.

"தரையில நின்னா எல்லா கதவும் திறக்கும்டி. சாஞ்சா? அந்த பைப்ல ஜாக் போட்டுத் தூக்கு, பாக்கலாம்."

கவிப்ரியா ஜாக்கை ஸ்லைடருக்கு அடியில் வைத்து உயர்த்தினாள். இடப்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டன. இரும்பு பாரத்தில் சற்றே மேலெழுந்து தகட்டை நெருக்கிற்று. கதவைப் பிடித்து இழுத்தாள். அது முனகிவிட்டு நின்றது.

"சூப்பர்," என்றாள் முஸ்கான். "இனிமே மாட்டிக்கிறதுக்கு ஜொகூர் வரைக்கும் போக வேணாம். இங்கயே மாட்டிக்கலாம்."

4

இந்த இடத்தில் எனக்குக் கவிப்ரியாமீது ஐயம் வந்தது. ஒரு வரைவில் அவளை அழவைத்தேன். கண்ணீர் ஸ்பேனர்மீது சொட்டியது. வெட்கத்தோடு கிழித்தேன். அடுத்த வரைவில் சின்னராசு காரணத்தை விளக்கினார். ஒட்டி மாட்டியதை ஒரு பக்கத்துக்கு முன்புதான் பாராட்டிய மனிதருக்கு, அதற்குள் எங்கிருந்து தெளிவு வரும்? எனவே அவளை அவள் போக்கில் விட்டுவிட்டு, நான் பட்டறை வாசலில் நின்றுகொண்டேன்.

அவள் குந்தி உட்கார்ந்து, ஸ்லைடரும் தகடும் சேரும் கோட்டில் கைவிளக்கை அடித்தாள். வெளிச்சம் எங்கும் நுழையவில்லை. ஜாக்கை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். சுவர் அசையாது. வண்டி அசையும். அசையும் இரும்புக்குப் போக ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தான் அழகாக அடைத்துவைத்திருப்பது அவளுக்குப் புரிந்தது.

"எல்லாத்தையும் கழட்டப் போறேன்."

"எல்லாமா?" என்றார் சின்னராசு. "இந்தப் பக்கம் மட்டும் லூஸ் பண்ணு தங்கச்சி. அந்தப் பக்கம் யாரும் மாட்டலியே."

"ரெண்டு பக்கமும்தான் அண்ணே."

அலமாரி வேலையில் மிஞ்சிய ஒட்டுப்பலகைத் துண்டுகள் அவள் பையில் எப்போதும் கிடக்கும். விரல் கனத் துண்டுகளைப் பொறுக்கினாள். போல்ட்டுகளைத் தளர்த்தி ஸ்லைடரைக் கீழே இறக்கி, அதற்கும் தகட்டுக்கும் நடுவே அவற்றைச் செருகினாள். நடுவிலுள்ள போல்ட்டை முதலில் பிடித்து, பிறகு இருபுறமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். தோள் வலித்தது. மறுபக்கத்தையும் முடித்துவிட்டு, துண்டுகளைத் தட்டி வெளியே எடுத்தாள். இப்போது கோட்டின் முழு நீளத்துக்கும் வெளிச்சம் தெரிந்தது.

"அசிங்கமா இருக்கு," என்றாள் முஸ்கான்.

"ஆமா."

"இதே ஒரு வீட்டு அலமாரினா?"

"நைட்டு தூங்க மாட்டேன்."

முஸ்கான் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

5

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

கதவு திறக்கிறது, தோழியர் கட்டிக்கொள்கிறார்கள். [இவர்கள் கட்டிக்கொள்பவர்கள் அல்லர். நீக்கவும்.]

கதவு திறக்கிறது, ஆயினும் முஸ்கான், "இல்லடி, என்னால முடி—" [சோகம் வைத்தால் கதைக்குக் கனம் கூடும் என்ற ஆசை. என் ஆசைக்காக அவளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது முறையன்று.]

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

6

வண்டி மறுபடி உயர்ந்தது. இடைவெளி குறுகிற்று; மூடவில்லை. கவிப்ரியா வெளியிலிருந்து கதவுக்குக் கை நீட்டினாள்.

"தொடாத," என்றாள் முஸ்கான். "வெளியேருந்து திறந்து எனக்கு என்ன ஆகப்போகுது? அன்னிக்கு நான் உள்ளதானே இருந்தேன்."

ஜாக்கை இறக்கச் சொன்னாள். தே தாரிக் பையைச் சின்னராசுவின் கையில் கொடுத்தாள். ஏறி, இடப்பக்க இருக்கையில் அமர்ந்து, கதவைத் தானே அடைத்துக்கொண்டாள்.

"இப்பத் தூக்கு."

கவிப்ரியா ஜாக்கின் பிடியை அழுத்தினாள். வண்டி முஸ்கானோடு மேலெழுந்தது. அடியில் ஒரு தாங்கியை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் முஸ்கானின் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"யாரும் திறந்துவிடக் கூடாது. எவ்ளோ நேரம் ஆனாலும் நானே திறக்கணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கவிப்ரியா பின்வாங்கிக் கைகளைக் கட்டிக்கொண்டாள். சின்னராசுவும் பின்வாங்கினார்.

"கதவு திறந்தது" என்று எழுத எனக்கு இரண்டே சொற்கள் போதும். எழுதினால், வெளியிலிருந்து திறந்துவிட்டவன் நானாவேன். ஆகவே பேனாவை மூடிவிட்டு நானும் விலகிக்கொள்கிறேன். வாசகரே, தயவுசெய்து நீங்களும் ஓரடி தள்ளி நில்லுங்கள். அவள் கை கைப்பிடிக்குப் போய்விட்டது.