தண்ணீர் வரிசை

அந்த ஆண்டு கண்ணாடிக் கூடத்தில், பூஞ்சை தெளித்த பதினோரு தக்காளிச் செடிகளும் செழித்து வளர்ந்தன; வெறும் தண்ணீர் தெளித்த பதினொன்றும் ஒன்பதாம் நாள் கறுத்துச் செத்தன. அந்தப் பூஞ்சையின் வித்து நுண்ணோக்கியில் மூன்று அறையும் ஒரு வளைந்த வாலுமாய்த் தெரிந்தது. எந்த நூலிலும் அப்படியொன்று இல்லை. புதிய இனம் என்று எழுத வேண்டுமானால் தெளித்த செடிக்கு நோய் வரவேண்டும், தண்ணீர்ச் செடி பிழைக்க வேண்டும். இங்கே நடந்தது தலைகீழ்.

ஆய்வாளர் அம்மாள் முதலில் சந்தேகப்பட்டது தெளிப்பானைப் பிடித்த கையை. அது அவருடைய தம்பி மனைவியின் கை. வேலை வாங்கிக் கொடுத்தவரே இவர்தான் என்பதால் சந்தேகப்படும் உரிமையும் தமக்கே என்றிருந்தார். புட்டியை மாற்றிவிட்டாயா என்று கேட்டார்.

"குழம்புக்கு உப்புப் போட்டேனான்னு மறக்கறவதான் அண்ணி நான். ஆனா பூஞ்சைப் புட்டிக்கு அடையாளமாச் சிவப்பு நூல் கட்டினது நீங்க."

அடுத்த முறை அம்மாள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தாமே தெளித்தார். தண்ணீர் வரிசைதான் செத்தது. பூட்டைச் சந்தேகித்தார், தண்ணீரைக் காய்ச்சினார், மண்ணை வறுத்தார், தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. மேலிடத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. தம்பி மனைவியை வேலையிலிருந்து விலக்கும் கடிதம் தட்டச்சாகி மேசைக்கு வந்தது.

அவள் அதைப் படித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி அம்மாள் பக்கம் வைத்தாள்.

"போடுங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பூஞ்சை வரிசைய ஒரு நாளைக்கு நாலு தடவ குனிஞ்சு பாக்கறோம். தண்ணி வரிசைய ஒருநாளாவது பாத்திருக்கோமா? அதுக்கு ஒண்ணும் வராதுன்னு நம்பிட்டோம். நம்பின எடத்துலதான் அது வருது."

அம்மாள் கையெழுத்துப் போடவில்லை, நம்பவுமில்லை. சோதித்தார். இரண்டு வரிசையையும் சமமாக முறைத்துப் பார்த்தார்கள்; இரண்டும் பிழைத்தன. இரண்டையும் நம்பி விடுமுறைக்குப் போனார்கள், இரண்டும் செத்தன. செத்த இலையிலெல்லாம் அதே மூன்று அறை, அதே வால்.

புதிய இனத்தின் விளக்கத்தில், வித்தின் அளவுக்குக் கீழே, 'சந்தேகிக்கப்படும் செடியைத் தொற்றாது' என்று அச்சாயிற்று. இப்போது தோட்டக்காரர்கள் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு செடியையும் ஓரக்கண்ணால் பார்த்தபடி நடக்கிறார்கள். விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூஞ்சைக்கு மாதிரியாகக் காக்கும் இலையின் உறையைத் திங்கட்கிழமைதோறும் ஒருவர் பிரித்து, முறைத்துவிட்டு மூடுகிறார்.

கையெழுத்தில்லாத கடிதம் இழுப்பறையிலேயே கிடந்தது. தம்பி மனைவி ஒருநாள் கேட்டாள், "இன்னும் என்னைச் சந்தேகப்படறீங்களா அண்ணி?"

"தினமும்."

"அப்ப சரி" என்று அவள் தெளிப்பானைக் கழுவப் போனாள்.